சாருலதா என்று எழுதிய அட்டை

கே.கே. நகர், மதுரை
18 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பாண்டிராஜ் எழுதுவது. நானும் தாமரைச்செல்வியும் மகள் இசைவாணியும் சௌக்கியம். ஆபரேஷன் செய்த தொண்டை இப்போது எப்படி இருக்கிறது? ஆறு மாதம் பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மீறாதே. அத்தான் மேல் கோபம் வந்தால் எழுதிக் காட்டு.

வாட்ஸ்அப்பில் நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தப்பிக்கிறேன் என்று திட்டினாயே, அதனால் கடிதமே எழுதிவிட்டேன். ஒரு வேலையும் இருக்கிறது. எங்கள் நான்மாடம் டிவி ஏழு மணிச் செய்தியைத் தொடங்கி வரும் சித்திரை ஒன்றாம் தேதியோடு முப்பது வருஷம். கம்பெனி வரலாற்றை ஒரு மலராகப் போடுகிறார்கள். சென்னையிலிருந்து ஒருவர் வந்து எழுதிக் கொடுத்தார். எண்பத்து நான்கு பக்கம். ப்ரூஃப் இத்துடன் வைத்திருக்கிறேன். தமிழ் டீச்சர் நீ இருக்கும்போது வேறு யாரிடம் கொடுப்பது?

எழுத்துப் பிழை மட்டும் பார்த்தால் போதும் அக்கா. விஷயமெல்லாம் இங்கே சரிபார்த்தாகிவிட்டது.

அத்தானைக் கேட்டதாகச் சொல். ஓசூர் குளிருக்கு மப்ளர் கட்டிக்கொள்.

அன்புடன்,
பாண்டிராஜ்

*

ஓசூர்
25 ஜனவரி 2026

தம்பி பாண்டிராஜுக்கு,

அக்கா ஆசீர்வாதம். தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. காற்று வருகிறது, குரல்தான் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். உன் அத்தான் அழகுபாண்டிக்குக் கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் இல்லாத நிம்மதி.

ப்ரூஃப் பார்த்தேன். எழுத்துப் பிழை நாற்பத்தொன்று. சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். நாற்பத்திரண்டாவது பிழைக்குச் சிவப்பு மை போதாது.

ஒன்பதாம் பக்கம்: "1996 ஏப்ரல் 14 மாலை ஏழு மணிக்கு நிறுவனரின் புதல்வி சாருலதா முதல் செய்தியை வாசித்தார். தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அவரது கணீர்க் குரலே மதுரையின் மாலைப் பொழுதானது." கூடவே ஒரு போட்டோ. கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்தில் சாருலதா. "கண்ணாடிப் பெட்டியில் பாதுகாக்கப்படும் முதல் பெயர் அட்டை" என்று அடிக்குறிப்பு வேறு!

நான்கு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யாருடா? நீ எதிரில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தாயே, உனக்கு யார் தெரிந்தார்கள்? சாருலதாவா?

விஷயமெல்லாம் சரிபார்த்தாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். சரிபார்த்த மகராசன் யார்? பெயரைச் சொல். அவருக்கும் இரண்டு வரி எழுத வேண்டும்.

தாமரைக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

அக்கா
தமிழ்வாணி

*

கே.கே. நகர்
9 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். தைப்பூசக் கூட்டத்தைப் படம் பிடிக்கப் போனதில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. திருத்திய ப்ரூஃப் கிடைத்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

ஒன்பதாம் பக்கம் பற்றி: அந்தக் காலத்துக் கேசட் ஒன்றுகூட இல்லை. உனக்கே தெரியும். மொத்தமே ஆறு கேசட். திங்கட்கிழமை செய்தியை அழித்துத்தான் அடுத்த திங்கட்கிழமை செய்தி. மிச்சம் இருப்பது அந்த அட்டை ஒன்றுதான். எழுத வந்தவர் அதை வைத்து எழுதிவிட்டார். அவர் மேல் தப்பு இல்லை.

கம்பெனியைத் தொடங்கிய பெரியவர் ஹாலாஸ்யம் சார் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. இப்போது போய்க் கிளறி என்ன ஆகப் போகிறது அக்கா? நாலு பேர் புரட்டிப் பார்த்துவிட்டுப் பீரோவில் வைக்கப் போகிற புத்தகம். நமக்குத் தெரியும், அது போதாதா?

இசைவாணிக்குக் கல்லூரியில் செமஸ்டர் தேர்வு நடக்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
பாண்டிராஜ்

*

ஓசூர்
14 பிப்ரவரி 2026

தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ நலமில்லை என்று உன் கடிதமே சொல்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அட்டை மேல் பழியைப் போடுகிறாய்.

உனக்கு மறந்துவிட்டதென்றால் நான் சொல்கிறேன். சிம்மக்கல்லில் மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை. சத்தம் கேட்கும் என்று ஃபேனை நிறுத்திவிடுவீர்கள். நான் செய்தி எழுதிக் கொடுக்க வந்தவள். வாசிக்க வேண்டியது சாருலதா. விளக்கைப் போட்டதும் அந்தப் பெண் வாய் உலர்ந்து மாடிப்படியில் இறங்கி ஓடிவிட்டது. ஏழு மணிக்கு இரண்டு நிமிஷம். ஹாலாஸ்யம் என்னைப் பார்த்து, "எழுதினவ நீதானேம்மா, நீயே வாசிச்சுடு" என்றார். அவர் மனைவி அனந்தலக்ஷ்மி மாமி தன் பட்டுப் புடவையை என் தோளில் சுற்றிவிட்டார். மேசைக்கு மேலே பட்டு, கீழே என் நூல் சேலை. எதிரே இன்னொரு கேமரா முன்னால் அந்த அட்டை. சாருலதாவுக்காக எழுதி வைத்த அட்டை, என் முகத்துக்குக் கீழே வந்தது.

அன்றைக்கு அவசரம், சரி. மறுநாளும் அதே அட்டை. மறு மாதமும் அதே. கேட்டால், "பாத்துக்கலாம்மா" என்பார் பெரியவர். மாட்டுத்தாவணியில் பூக்காரம்மா, "சாருலதாம்மா, ஒங்க வாய்ஸ் கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்று மல்லிகையை அள்ளிக் கையில் வைத்தது. வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு வந்த பூவா, அந்தப் பெயருக்கு வந்த பூவா என்று தெரியாமலே தலையில் வைத்துக்கொண்டேன். கல்யாணம் ஆகி நான் ஓசூர் வந்த அடுத்த வாரமே பெயர் போடக் கம்ப்யூட்டர் வாங்கினீர்கள். எனக்குப் பின்னால் வந்த பெண்ணுக்கு முதல் நாளே அவள் பெயரைப் போட்டீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது. பெரியவர் செத்தபோது நான் துக்கத்துக்கு வராததும் அதனால்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் அம்மா என்னை டிவியில் பார்த்ததாக ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. ஊரில் பஞ்சாயத்து டிவி இருந்தது, உங்கள் கேபிள் கனெக்‌ஷனும் வந்துவிட்டது. லீவுக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது சொல்வாளா என்று அவள் வாயையே பார்ப்பேன். களையெடுப்பைப் பற்றிப் பேசுவாள். கண்ணை மூடும் வரைக்கும் ஒரு வார்த்தை வரவில்லை. வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

நமக்குத் தெரிந்தால் போதாதா என்கிறாய். போதாது. குரலும் போய்விட்டது எனக்கு. நான்தான் வாசித்தேன் என்று நாளைக்கு யாராவது வாசித்துக் காட்டச் சொன்னால்கூட முடியாது.

யார் சரிபார்த்தது?

தமிழ்வாணி

*

ஓசூர்
1 மார்ச் 2026

நான்மாடம் டிவி நிர்வாக இயக்குநர் திருமதி சாருலதா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அனந்தலக்ஷ்மி மாமியும் நலமென்று நம்புகிறேன். என்னை நினைவிருக்கும். இல்லையென்றால் உங்கள் மலரின் ஒன்பதாம் பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் வாசித்ததாக அதில் எழுதியிருக்கும் செய்தியையெல்லாம் வாசித்தவள் நான்.

அன்று படிக்கட்டில் இறங்கி ஓடியது நீங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த விளக்குச் சூட்டில் யாரும் ஓடுவார்கள். ஓடியவர் வாசித்ததாக அச்சடிப்பதில்தான் இருக்கிறது வெட்கம். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு கேடயத்தோடு நிற்கிறீர்கள். சிறந்த உச்சரிப்புக்காக ஒரு கல்லூரி கொடுத்த கேடயம். யாருடைய உச்சரிப்பு அம்மா அது? பெயர் பொருந்துகிறது என்பதற்காகக் கேடயத்தை வாங்கிக்கொள்வதா?

உங்கள் அப்பா ஏன் கடைசி வரைக்கும் அந்த அட்டையை மாற்றவில்லை என்பதற்கு எனக்குப் பதில் வேண்டும். அவர் இல்லை, நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பே. தமிழ்வாணி

*

மதுரை
12 மார்ச் 2026

மதிப்பிற்குரிய தமிழ்வாணி அக்காவுக்கு,

நமஸ்காரம். அம்மா நன்றாக இருக்கிறாள். காதுதான் மந்தம். உங்கள் பெயரைச் சொன்னதும், "என் அரக்குப் புடவை உடுத்திண்டாளே, அந்தப் பொண்ணா?" என்று கேட்டாள். உங்கள் தொண்டை பற்றிப் பாண்டிராஜ் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிகவும் வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. ஒன்பதாம் பக்கத்தைப் படித்ததும் எனக்குக் கூசியது. ஆனால் என் பிள்ளைகள் ரொம்பப் பெருமைப்பட்டார்கள். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன். இதற்கு நியாயம் எதுவும் சொல்ல மாட்டேன்.

அட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். அப்பாவின் டயரிகளைத் தேடி எடுத்தேன். 2 மே 1996-இல் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்:

"பெயர் அட்டையை மாற்ற வேண்டும். தமிழ்வாணி என்று ஊர்ப் பெயரோடு சேர்த்து எழுத பெயின்டர் தவசியிடம் சொல்லலாம் என்றேன். ஜனங்களுக்கும் நம்ம பக்கத்துப் பெண் என்று இருக்கும். பாண்டிராஜ் வேண்டவே வேண்டாம் என்கிறான். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். காரணம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். விட்டுவிட்டேன்."

இதைச் சொல்லாமல் இருக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் அப்பாவைத்தான் குற்றம் சொல்லியிருந்தீர்கள். அதனால் சொல்கிறேன். மலரில் இருக்கும் விஷயங்கள் சரி என்று பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டிருப்பதும் பாண்டிராஜ் அண்ணன்தான்.

மற்ற இயக்குநர்கள், ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை எப்படி மாற்றுவது என்கிறார்கள். அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களில் இன்னும் வேலையில் இருப்பவர் அவர் ஒருவர்தான். மார்ச் 31-க்குள் அவர் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒரு பக்கம் சேர்த்துவிடுகிறேன். அதற்குப் பிறகு பைண்டிங்குக்குப் போய்விடும்.

கேடயத்தைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள்,
சாருலதா

*

ஓசூர்
16 மார்ச் 2026

பாண்டிராஜ்,

சாருலதா எழுதியதை ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். படி.

முப்பது வருஷம் அந்த மனிதரைத் திட்டினேன். நீ பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அவர் செத்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்றபோது, "ஒன் இஷ்டம்க்கா" என்றாய். எப்படி வந்தது உனக்கு அந்த வாய்?

31-ஆம் தேதிக்குள் எழுது. எழுதிக் கொடுத்துவிட்டு எனக்குக் கடிதம் போடு. உன் சௌக்கியத்தை அதற்குப் பிறகு விசாரிக்கிறேன்.

தமிழ்வாணி

*

ஓசூர்
2 ஏப்ரல் 2026

பாண்டிராஜுக்கு,

நேற்றும் தபால்காரரை வாசலில் நின்று பார்த்தேன். மின்வாரியக் கடிதம் ஒன்றுதான் வந்தது. சாருலதாவுக்குப் போன் செய்து அத்தான் விசாரித்தார். நீ எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை என்றும், புத்தகம் பைண்டிங்குக்குப் போய்விட்டது என்றும் சொன்னாராம்.

ஏன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நம் ஊர்ப் பெயரோடு போட்டால் எந்தத் தெரு என்று கேட்பார்கள். பண்ணை வீட்டுக் களத்தில் கூலிக்கு நின்ற பேச்சிமுத்துவின் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும். சாதி தெரிந்துவிடும். அன்றைக்கு நீ இருபது வயதுப் பையன், பயந்தாய். இன்றைக்கு உனக்கு ஐம்பது. கே.கே. நகரில் வீடு கட்டிக் குடிபோனபோது நம் தெருவிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டாயா? சித்தப்பாவைக் கூப்பிட்டாயா? உன் வீட்டு வாசலிலும் அந்தப் பொய் அட்டைதானடா தொங்குகிறது.

நான் எதற்கடா பயப்பட வேண்டும்? எம்.ஏ. படித்தேன். பிழையில்லாமல் வாசித்தேன். என் தெருவில் பிறந்தேன். இதில் எது குற்றம்?

இனி நான் எழுதப் போவதில்லை.

*

கே.கே. நகர், மதுரை
17 ஏப்ரல் 2026

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நீ எழுதியது எல்லாம் சரி. பண்ணை வீட்டிலும் நம் கனெக்‌ஷன் இருந்தது. அவர்கள் வீட்டு ஹாலில் நீ வாசிப்பதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பேச்சிமுத்து மக ஜாடையா இருக்கே" என்று ஒருத்தர் சொல்ல, "பேரப் பாருய்யா, அவ எங்க, இது எங்க" என்று இன்னொருத்தர் சொன்னாராம். பெயரைப் போட்டால் அப்பாவைக் களத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள் என்று பயந்தேன். இது பாதிதான். மீதியும் சொல்கிறேன். ஆபீசில் எல்லோரோடும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடம் போய்விடும் என்று எனக்காகவும் பயந்தேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ வாசிக்கத் தொடங்கிய வருஷம் ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். பஞ்சாயத்து டிவி முன்னால் கூட்டம். திரையில் நீ வந்தாய். அம்மா எழுந்து, "எம்மக" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "கெழவி, கீழ என்ன எழுதிருக்குன்னு தெரியுமா? சாருலதான்னு போட்டுருக்கு" என்றான் ஒருத்தன். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "அந்த எழுத்தா பெத்துச்சு? நாந்தான பெத்தேன்!" என்றாள்.

உடனே அவன் என் பக்கம் திரும்பி, "ஏலே பாண்டி, நீ அங்கதான வேல பாக்குற? அது ஒங்க அக்காளா?" என்று கேட்டான். நான் இல்லை என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். உட்கார்ந்து கடைசி வரைக்கும் செய்தி பார்த்தாள். அதற்குப் பிறகு தினமும் போய்ப் பார்த்தாளாம். யாரிடமும் எதுவும் பேசுவதில்லையாம். பிள்ளைகள் மறைக்கிறார்கள், நாம் கெடுத்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பாள். அதனால்தான் உன்னிடமும் வாய் திறக்கவில்லை.

ப்ரூஃபை நான் வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். கையெழுத்துப் போட்ட பிறகு தூக்கம் வரவில்லை. சொல்லவும் தைரியம் வரவில்லை. நீயே கண்டுபிடித்துத் திட்டட்டும் என்றுதான் உனக்கு அனுப்பினேன். நீ திட்டினாய். அப்போதும் எழுதிக் கொடுக்கவில்லை. பேப்பரும் பேனாவுமாக எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். 31-ஆம் தேதி போய்விட்டது.

சித்திரை ஒன்றாம் தேதி விழா நேரலை. மூத்த ஊழியர் என்று எனக்குச் சால்வை போடக் கூப்பிட்டார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் சிம்மக்கல்லுக்குப் போய்ப் பெயின்டர் தவசியைத் தேடிப் பிடித்தேன். இப்போது ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். "கையில எழுதி வருஷக்கணக்காச்சுண்ணே" என்றார். ஆனாலும் ஒரு அட்டையில் உன் பெயரை எழுதிக் கொடுத்தார். அதை வேட்டியில் சுற்றி மேடைக்குக் கொண்டுபோனேன். சால்வை போட்டதும் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைக்கில் சொன்னேன்:

"மொத நியூஸ் வாசிச்சது எங்க அக்கா தமிழ்வாணி. நாலு வருஷம் அவுகதேன் வாசிச்சாக. புத்தகத்துல போட்டுருக்கது பொய்யி. அதுல கையெழுத்துப் போட்டவன் நான். பேர மறச்சதும் நாந்தேன். நாங்க தெக்குத் தெரு. எங்கய்யா பேச்சிமுத்து, பண்ணையில கூலிக்கு இருந்தவரு."

ஒரு இயக்குநர் எழுந்து விளம்பரம் போடச் சொன்னார். கேமராக்காரப் பையன் சாருலதாம்மாவைப் பார்த்தான். "ஓடட்டும்" என்றார் அவர்.

கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள், சிலர் எழுந்து போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று நாளாக என்னைப் பார்த்தால் செல்போனைப் பார்க்கிறார். இசைவாணி அந்த அட்டையை எடுத்து ஹாலில் மாட்டிவிட்டாள்.

புத்தகம் அப்படியேதான் வெளிவந்துவிட்டது அக்கா. அதை என்னால் தடுக்க முடியவில்லை.

தம்பி
பாண்டிராஜ்

*

ஓசூர்
22 ஏப்ரல் 2026

பாண்டிராஜுக்கு,

தாமரையும் இசைவாணியும் நலம்தானே? பக்கத்து வீட்டுக்காரர் பார்க்காவிட்டால் போகட்டும். சித்தப்பாவைக் கூப்பிட்டு ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொள்.

விழாவை அத்தான் யூடியூபில் போட்டுக் காட்டினார். நீ அட்டையைத் தலைகீழாகத் தூக்கினாய், பிறகு திருப்பினாய். பார்த்தேன். அழுதேன். கோபம் தீர்ந்துவிட்டது என்றுகூட நினைத்தேன். பிறகு உன் கடிதம் வந்தது.

பெயரை மறைத்தாய், போகட்டும். இல்லை என்று சொன்னாய், அதைக்கூட விட்டுவிடுகிறேன், பயந்தவன் அப்படித்தான் சொல்வான். ஆனால் அம்மா சொன்னதை முப்பது வருஷம் எப்படியடா உன்னிடமே வைத்துக்கொண்டாய்? அவள் பார்க்கவேயில்லை என்று நான் எத்தனை தடவை உன்னிடம் புலம்பியிருக்கிறேன்! அவளை எரித்துவிட்டு வந்த அன்றுகூடப் புலம்பினேனே! சுடுகாட்டிலிருந்து வந்த கையோடு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் உனக்கு என்ன போயிருக்கும்? கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா? கே.கே. நகருக்குக் கேட்டுவிடுமா? அது எனக்கு வர வேண்டியதடா. அதை நீ எடுத்து வைத்துக்கொண்டாய். இதற்கு நான் உன்னை மன்னிக்கவில்லை. மன்னிக்கும்போது கடிதம் போடுகிறேன்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அந்த அட்டையை நம்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவள் ஒருத்திதான் என் முகத்தைப் பார்த்தாள்.

சாருலதாவிடம் பேசு. மலரை மறுபடி அச்சடிக்க வேண்டும். ஒன்பதாம் பக்கத்தில் அம்மா சொன்னதை அவள் சொன்னபடியே போட வேண்டும். என் தமிழ் டீச்சர் புத்தியை வைத்து அதில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த மாட்டேன். சொன்னவர் ஒச்சாயி என்று கீழே இருக்க வேண்டும்.

அப்புறம், தவசியிடம் இன்னொரு தடவை போ. பே. தமிழ்வாணி என்று எழுதியிருக்கிறான். அப்பாவின் எழுத்துக்கு முன்னால் அம்மாவின் எழுத்தையும் சேர்க்கச் சொல். அதை நீ கொண்டுபோய் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வைத்துவிட்டு போட்டோ எடுத்து அனுப்பு. கட்டைவிரல் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒ. பே. தமிழ்வாணி